உன் விளம்பரத்தில் என் முகம்

கார்த்தாகோ,
பழைய தபால் நிலையம் இருந்த மூலையிலிருந்து தெற்கே முந்நூறு மீட்டர்,
பச்சை கேட் வீடு (இப்போது நீலம்).

மதிப்புக்குரிய மைத்துனர் திரு. ராண்டால் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் யோர்லெனியின் கணவன் ஓல்ஹெர் பிரேனஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்காள், நாய் ஆகிய மூவரும் நலம். அங்கே சான் ஹோசேயில் தாங்களும், தங்கள் மடிக்கணினியும், காமிராவுக்கு முன்னால் மட்டும் தாங்கள் மாட்டிக்கொள்ளும் அந்தக் கண்ணாடியும் நலமாக இருக்க ஆண்டவர் அருளட்டும். மழை இந்த வருஷம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. குடும்பச் செய்திகள் இத்துடன் முடிந்தன.

போன வாரம் ஒரு நாள் காலை எரேதியாவுக்கு வேலைக்குப் போகிற பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் தன் மொபைலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில், "ஐயா, இது நீங்கதானே?" என்று திரையை நீட்டினாள். நான்தான். உங்கள் மகளின் ஞானஸ்நான விருந்தில், வாழையிலையில் அவித்த தமால் பாதி வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாக நான் நின்றபோது யாரோ எடுத்த படம். தமாலை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புன்னகையை ஒட்டியிருக்கிறீர்கள். அது என் புன்னகை இல்லை. என் வாயில் அத்தனை பல் கிடையாது. கீழே கொட்டை எழுத்தில்: "வயது ஐம்பத்து மூன்று. வேலை போனது. ராண்டாலின் ஏழு திறமைகளைக் கற்றார். இன்று நூறு பேரில் தனித்து நிற்கிறார். நீங்கள்?" அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், "நெஜமாவே தனிச்சு நிக்கிறீங்களா ஐயா?" என்று. நான் உட்கார்ந்திருந்தேன். நின்றிருந்தாலாவது அந்த விளம்பரத்தில் ஒரு சொல் உண்மையாகியிருக்கும்.

இதுவரை "நீங்கள்", "தாங்கள்" என்று எழுதிவிட்டேன். உறவுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை முடிந்தது. இனி "நீ".

ராண்டால், நான் யார் என்பது உனக்கு மறந்திருக்கும்; உன்னிடம் வருகிறவர்களை எல்லாம் நீ "மாற்றத்துக்குக் காத்திருப்பவர்கள்" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாமல் போவது இயல்பு. ஆகவே சொல்கிறேன். காபிக்கொட்டை உலர்த்தும் எந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் கையேடு எழுதியவன் நான். ஒரு லாரி நீளத்துக்குப் பெரிய இரும்பு உருளை, உள்ளே நெருப்புக்காற்று, பக்கத்தில் விரலை ஆசையாகப் பார்த்துக்கொண்டு ஓடுகிற பல்சக்கரம். அதை எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது, எப்போது கையை விடக்கூடாது என்று எழுதுவது என் வேலை. யாரும் கையேட்டைப் படிப்பதில்லை என்று நீ விருந்துகளில் சிரித்தபடி சொல்வாய். வாஸ்தவம். நான் எழுதிய கையேட்டை யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை. எந்திரத்திலேயே ஒட்டிவைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் என் எந்திரங்களில் ஒரு விரல்கூடப் போகவில்லை. இதற்கு யாரும் பாராட்டு விழா எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் போகாத விரலைப் படம் பிடிக்க முடியாது.

பிறகு தொழிற்சாலை கைமாறியது. புது மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஓல்ஹெர், இனிமே கையேட்டைக் கம்ப்யூட்டரே எழுதிடும். நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். கம்ப்யூட்டர் எழுதியதை எடுத்துக்காட்டினார். அட்டை அழகாக இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், "உருளையை இயக்கிய பின், உள்ளே கையை விட்டு அது சீராகச் சுற்றுகிறதா என உறுதி செய்துகொள்ளவும்" என்றிருந்தது. நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அடடா, பெரிசா ஒண்ணுமில்ல, ஒரு வரிதானே" என்றார். ஒரு வரிதான். ஐந்து விரல். அன்றைக்குச் சாயங்காலமே என் மேசையைக் காலி செய்தேன், போகிற போக்கில் அந்த வரியையும் அடித்துவிட்டுத்தான் போனேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ வந்தாய். உன் அக்காள் மாட்டிறைச்சியும் மரவள்ளியும் சோளமும் போட்டு ஒரு பெரிய பானை நிறையச் சமைத்திருந்தாள். நீ தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாய். நினைவிருக்கிறதா, என்ன சொன்னாய் என்று?

"அத்தான், இந்தக் காலத்துல எழுதத் தெரிஞ்சா மட்டும் போதாது."

"எழுதவே தெரியாதவங்க எல்லாரும் இதைத்தாண்டா சொல்றாங்க" என்றேன் நான்.

"பாத்தீங்களா, இதுதான் உங்க பிரச்சினை. நீங்க உங்களை வித்துக்கத் தெரியாதவர். ஒரு வேலைக்கு நூறு பேர் வர்றான். நூறும் எழுதத் தெரிஞ்சவன். அதுல நீங்க தனிச்சுத் தெரியணும். தனிப்பட்ட அடையாளம் வேணும். கதை சொல்லத் தெரியணும். வீடியோ, கோடிங், செயற்கை நுண்ணறிவு, நாலு பேரோட பழக்கம், அப்புறம் முக்கியமா, பரிவு."

"பரிவு ஏழாவதா?"

"ஏழாவது. கடைசியில சொன்னாத்தான் மனசுல நிக்கும்."

யோர்லெனி உன் தட்டில் இன்னொரு துண்டு மரவள்ளியைப் போட்டு, "தம்பி நல்லதுக்குத்தான் சொல்றான். கேட்டுக்குங்க" என்றாள். நான் கேட்டுக்கொண்டேன். எந்திரத்தை வாங்கியவன் கையேட்டில் இருப்பதை வரிசை மாறாமல் செய்ய வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷம் ஊருக்குச் சொன்னவன், எனக்கு ஒரு கையேடு வரும்போது மட்டும் செய்யாமல் இருப்பது நியாயமில்லை. ஆகவே நீ சொன்னதை எல்லாம் செய்தேன். விளைவுகளை உன் விளம்பரத்தில் நீ சேர்க்கவில்லை. நான் சேர்த்துவிடுகிறேன்.

என் தனிப்பட்ட அடையாளத்தை நீயே எழுதி இணையத்தில் போட்டாய். "சிக்கலை எளிமையாக்கும் சொற்சிற்பி." மூன்றாம் நாள் துரியால்பாவிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். காலமான கணவருக்குக் கல்லறை வாசகம் வேண்டுமாம். பளிங்கில் செதுக்குவேனா, கருங்கல்லிலா என்று கேட்டார். நான் சொல்லை மட்டும்தான் செதுக்குவேன் என்று விளக்கினேன். "அப்ப கல்லை யார் செதுக்குவாங்க? அதையும் நான்தான் தேடணுமா?" என்று அழுதார். துக்க வீட்டுக்காரரிடம் எப்படித் தகராறு செய்வது? வாசகத்தை மட்டும் எழுதிக்கொடுத்தேன். ஆறு சொல். உன் ஏழு திறமைகளால் எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

பிறகு வீடியோ. அன்றாட வேலை ஒன்றைச் செய்துகாட்டு என்றாய். காபி வடிகட்டும் துணிப்பையை எப்படிச் சோப்புப் போடாமல் கழுவுவது என்று செய்துகாட்டினேன். யோர்லெனி படம் பிடித்தாள். அவளுக்கு என் முகத்தைவிட ஜன்னல் திரைச்சீலை நன்றாக விழ வேண்டும் என்ற கவலை. அதனால் திரைச்சீலை முழுதும் தெரிகிறது, என் நெற்றி தெரிகிறது, கை தெரியவில்லை. கழுவுவதைக் கையால்தானே செய்கிறோம்? பதினொரு பேர் பார்த்ததாகக் கணக்கு. அதில் ஒன்பது தடவை உன் சித்தி ஒருத்தியே. நிறுத்தத் தெரியாமல் ஓடவிட்டிருக்கிறாள். மீதி இரண்டு பேரில் ஒருவர், திரைச்சீலைத் துணி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டிருந்தார்.

செயற்கை நுண்ணறிவோடும் உட்கார்ந்தேன். குறை சொல்வதற்கில்லை, மரியாதை தெரிந்த எந்திரம். நான் என்ன கேட்டாலும் "மிகச் சிறந்த கேள்வி" என்றது. இருபத்திரண்டு வருஷத்தில் எந்த மேலாளரும் ஒருதரம்கூட என்னைப் பாராட்டியதில்லை. இது அரை மணி நேரத்தில் பதினேழு தடவை பாராட்டியது. வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொல்லிப் பார்த்தேன், அதற்கும் பாராட்டு. அப்போதே புரிந்துவிட்டது, இது உன்னிடம் படித்திருக்கிறது என்று.

இதெல்லாம்கூடப் போகட்டும். நாலு பேரோடு பழகு என்றாயே, அதை எப்படி மன்னிப்பது? "லிஃப்ட்ல ஏறி இறங்குற நேரத்துக்குள்ள உங்க கதையைச் சொல்லி முடிச்சுடணும் அத்தான். அதுதான் கணக்கு" என்றாய். கையேட்டுக்காரனிடம் லிஃப்ட் என்று சொன்னால் லிஃப்ட்தான். சான் ஹோசேயில் நிறைய அலுவலகங்கள் இருக்கிற ஒரு கட்டடத்துக்குப் போய், ஏழாவது மாடிக்கு ஏறிய ஒரு கோட்டுக்காரரிடம் ஆரம்பித்தேன். அவர் பேசாமல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவருக்குக் கண் கலங்கியது. இத்தனை பரிவோடு ஒருவர் என் கதையைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அவரோடு கீழே இறங்கி மறுபடி ஏறிக் கதையை விரிவாகவும் சொன்னேன். கடைசியில் அவர் ஒரு தாளில் எழுதி நீட்டினார்: "பல் பிடுங்கியிருக்கிறார்கள். வாயில் பஞ்சு. தயவுசெய்து என்னை இறங்க விடுங்கள்."

இப்படியே மூன்று மாதம் போனது, ராண்டால். இந்த மூன்று மாதத்தை உன் விளம்பரம் "மாற்றத்தின் பயணம்" என்கிறது. பயணம் எங்கே தெரியுமா? காலையில் சட்டை மாட்டி, ஷூ போட்டு, வேலைக்குப் போகிறவன் மாதிரி கிளம்பி, இடிந்த கோயிலுக்கு எதிரே இருக்கிற பூங்காவில் ஒரு பெஞ்சு வரைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் "விடுமுறை" என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் மழை பிடித்து சீக்கிரம் வீடு திரும்பினேன். சமையலறையில் உட்கார்ந்து சோறு வடிக்கும் மின்குக்கரின் கையேட்டை எடுத்துத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது யோர்லெனி பின்னால் வந்து நின்றாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மூணாவது வரி எனக்கும் புரியல, அதையும் மாத்துங்க" என்றாள். இரண்டு பேருமாக அந்தக் கையேட்டை முடித்தோம். அன்றைக்கு எனக்கு இருந்த நிலையில் உன் ஏழாவது திறமையை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றியது.

அப்புறம்தான் எரேதியாவில் அந்த நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டில் வைத்து நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுக்கிற எந்திரம் செய்கிறவர்கள். ஒரு கையேட்டு எழுத்தாளர் தேவை. விண்ணப்பித்தேன், கூப்பிட்டார்கள். நேர்முகத் தேர்வுக்கு ஆறு பேர். ஐந்து பேருக்கும் என் வயதில் பாதி. நடுவில் ஒரு தட்டிதான், உள்ளே பேசுவது வெளியே கேட்கும். ஃபியோரெலா என்கிற மனிதவளப் பெண் முதல் ஆளிடம் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். அவன் சொன்னான்: "எந்திரத்துக்கும் மனுஷனுக்கும் நடுவுல நான் ஒரு பாலம்." நன்றாகத்தான் இருந்தது. அடுத்து ஒரு பெண் போனாள். அவளும் பாலம். மூன்றாமவன் பாலம். நாலாமவன் சற்று யோசித்துவிட்டுப் பாலம். ஐந்தாமவள் "என்னை நீங்க ஒரு பாலமா நெனைச்சுக்கலாம்" என்று பணிவாகச் சொன்னாள். ஐந்து பேரும் உன் மாணவர்கள் என்று பிறகு காபி குடிக்கும்போது தெரிந்தது. தனித்துத் தெரிவது எப்படி என்று ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்கள்! ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத அறையில் ஐந்து பாலம் கட்டியிருக்கிறாய், ராண்டால். பொதுப்பணித் துறையால்கூட முடியாத காரியம்.

என் முறை வந்தது. "கையேடு எழுதுறவன்" என்றேன்.

ஃபியோரெலா பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

தன் தாளில் ஒரு கட்டத்தில் ஏதோ போட்டாள். தலைகீழாகப் படித்தேன்; "தனிப்பட்ட அடையாளம்: பூஜ்யம்."

அடுத்தது எழுத்துத் தேர்வு. ஆறு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இரண்டு பக்கக் கையேட்டைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் சீர்படுத்தச் சொன்னார்கள். மேசை நடுவில் அந்த ஆக்சிஜன் எந்திரம் ஒன்று, பூச்சாடி மாதிரி வைத்திருந்தார்கள். பாலங்கள் ஐந்தும் தட்டச்சில் இறங்கின. வண்ணம், கட்டம், சின்னச் சின்னப் படம் என்று பத்தே நிமிஷத்தில் அவர்கள் திரை திருவிழாக் கடை மாதிரி ஆகிவிட்டது. நான் படித்தேன். "மணி அடித்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தவும். பச்சை விளக்கு எரிவதை உறுதி செய்யவும். குழாய் இணைப்பைச் சரிபார்க்கவும்." இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் குழாயைப் பார்க்கும் வேலையை ஏன் கடைசியில் செய்ய வேண்டும் என்று உறுத்தியது. உறுத்தினால் கை வைத்துப் பார்க்காமல் எனக்கு எழுத வராது. எழுந்து போய் எந்திரத்தைப் போட்டேன்.

குழாயைப் பிடுங்கினேன். மணி அடித்தது. கையேட்டில் இருக்கிறபடி சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மணி நின்றது. பச்சை விளக்கு அழகாக எரிந்தது. குழாய் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் யாருக்கும் போகவில்லை, விளக்கு மட்டும் எல்லாம் நலம் என்கிறது. தற்செயலாக இருக்கலாம் என்று மறுபடி செய்தேன். மறுபடியும் பச்சை. மூன்றாம் தரம் செய்தபோது எந்திரத்துக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, வேறொரு மணி, கட்டடமே அதிர்கிற மாதிரி ஊளையிட ஆரம்பித்தது. கையேட்டில் அதை நிறுத்த வழி எழுதவில்லை. யாரோ நடைவழியில் "நிலநடுக்கம்!" என்று கத்தினார்கள். பயிற்சி எடுத்த ஜனங்கள், கேட்க வேண்டுமா? நூற்றைம்பது பேர் மழையில் புல்வெளிக்கு ஓடினார்கள். உன் பாலங்கள் ஐந்தும் மேசைக்குக் கீழே போய்விட்டன. அங்கிருந்து ஒருவன் என்னைப் பார்த்து, "ஐயா, அதைத் தொடாதீங்க, அது தேர்வுல வராது!" என்று கெஞ்சினான்.

நனைந்த தலையோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். நரைத்த முடி, கழுத்தில் அடையாள அட்டை. பாதுகாப்புப் பிரிவின் தலைமைப் பொறியாளர் சீனியா என்று பிறகு தெரிந்தது. எந்திரத்தின் பின்பக்கத்தில் எதையோ பிடுங்கி ஊளையை நிறுத்திவிட்டு, "இதைத் தொட்டது யாரு?" என்றார்.

"நான்தாம்மா."

"எதுக்குத் தொட்டீங்க?"

"தொடாம எப்படிம்மா எழுதறது?"

நான் குழாயைப் பிடுங்கிக் காட்டினேன், பொத்தானை அழுத்தினேன், பச்சை விளக்கைக் காட்டினேன். அவரே ஒருதரம் செய்து பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போன மாசம் திலாரான்லேருந்து எவெலியான்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு" என்றார். "அப்பாவுக்கு வாங்கின மெஷின். மணி அடிச்சுது, பொத்தானை அழுத்தினேன், பச்சை எரிஞ்சுது, கோழிக்குத் தீனி போடப் போயிட்டேன், வந்து பாத்தா அப்பா உதடு நீலமாயிருச்சுன்னு சொல்லுச்சு. பிழைச்சுட்டாரு. நம்ம ஆளுங்க அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? நீ கையேட்டை ஒழுங்காப் படிக்கலன்னு."

"ஒழுங்காப் படிச்சிருக்கு. அதனாலதாம்மா இப்படி ஆயிருக்கு" என்றேன்.

அந்தப் பெண்ணோடு பேச வேண்டும் என்று கேட்டேன். சீனியா அம்மாள் அங்கேயே எண்ணைப் போட்டுக் கொடுத்தார். எவெலியா முதலில் பயந்தாள், மறுபடியும் திட்டப்போகிறார்கள் என்று. "தப்பு எம்மேலதான் ஐயா, நான் போயிருக்கக் கூடாது" என்றாள். நான் சொன்னேன், "உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. மணி அடிச்சதும் உன் கை எங்கே போச்சு, கண் எங்கே போச்சு, அதை மட்டும் சொல்லு." "கண்ணு விளக்குக்குப் போச்சு ஐயா. பச்சைன்னா நல்லதுன்னுதானே அர்த்தம்? அப்பா மூஞ்சியைப் பாக்கல. அதைப் பாருன்னு எழுதியிருந்தா பாத்திருப்பேன்" என்று சொல்லி அழுதாள்.

ஒரு மணி நேரம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. தாளை எடுத்து எழுதினேன். "மணி அடித்தால் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். முதலில் அவர் முகத்தைப் பாருங்கள். பிறகு மூக்கிலிருந்து எந்திரம் வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். கழன்றிருந்தால் மாட்டுங்கள். அதன் பிறகே சிவப்புப் பொத்தான்." படம் இல்லை, வண்ணம் இல்லை. சீனியா அம்மாள் அதைப் போனிலேயே எவெலியாவுக்குப் படித்துக்காட்டினார். "இது புரியுது" என்றாள் அவள். ஃபியோரெலா தன் மதிப்பெண் தாளைப் புரட்டிப் பார்த்து, "இதுக்கு இதுல கட்டமே இல்லையே மேடம்" என்றாள். "அப்ப அந்தத் தாளை மடிச்சு வைம்மா" என்றார் சீனியா அம்மாள். அன்று மாலையே வேலை உத்தரவைக் கொடுத்தார்கள். பழைய கையேடு போன வீடுகளுக்கெல்லாம் புதுப் பக்கம் போய்ச் சேரும் வரை நானும் அந்த அம்மாளும் வேறு வேலை பார்க்கவில்லை. பச்சை விளக்கு பொய் சொல்லாதபடி எந்திரத்தையே மாற்றவும் ஆரம்பித்திருக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இதில் உன் அடையாளம் எங்கே, உன் கதை சொல்லல் எங்கே, உன் கோடிங் எங்கே? பரிவு என்றாயே, அதை நீ ஏழாவதாக வைத்தாய். அந்தக் கையேட்டை எழுதின புண்ணியவானும் குழாயைக் கடைசியில்தான் வைத்திருந்தான். கடைசியில் வைத்தால் மனதில் நிற்கும் என்று யாரோ அவனுக்கும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு எந்திரத்தைக்கூட வாழ்நாளில் திறந்து பார்க்காதவன், வீட்டு பல்பு போனால் அக்காளைக் கூப்பிடுகிறவன், எந்திரத்தைப் பற்றி எழுதுகிறவனுக்குத் திறமை சொல்லிக்கொடுக்கிறாய்! அந்த ஐந்து பிள்ளைகளும் முட்டாள்கள் இல்லை. மேசைக்குக் கீழே இருந்தபோதுகூட ஒருத்தி எந்திரத்தின் ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் போய்ப் பாலமாக்கி வைத்திருக்கிறாய்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே என் முகத்தை உன் விளம்பரத்திலிருந்து எடுத்துவிடு. எடுத்த பிறகு, "ஓல்ஹெர் பிரேனஸ் என் மாணவர் அல்லர், என் பேச்சைக் கேட்ட மூன்று மாதமும் அவர் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்" என்று அதே கொட்டை எழுத்தில் போடு. அந்தப் பற்களை யாரிடமிருந்து எடுத்தாயோ அவரிடமே திருப்பிக் கொடு.

உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல். உனக்கு நீண்ட ஆயுளும், திடகாத்திரமும், அவற்றோடு ஒரு ஸ்க்ரூடிரைவரும் கிடைக்கக் கார்த்தாகோ மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் அக்காள் முத்தம் அனுப்புகிறாள். அவள் இந்தக் கடிதத்தை இன்னும் படிக்கவில்லை.

இப்படிக்கு,
உன்னிடம் எதுவும் கற்காத அத்தான்,
ஓல்ஹெர் பிரேனஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அலுவலகத்திலிருந்து ஃபியோரெலா அழைத்தாள். என் பிரிவுக்கு இன்னும் இரண்டு பேரை எடுக்கப்போகிறார்களாம். விளம்பரத்தை நான்தான் எழுத வேண்டும், அடுத்த வாரத்துக்குள். எழுதினேன்: "எந்திரத்தைத் தொட்டுப் பார்க்கிறவர் தேவை." அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். இது திறமையில் சேராதாம், குறைந்தது ஏழு திறமையாவது இருக்க வேண்டுமாம், எல்லா நிறுவனமும் ஏழு போடுகிறதாம். காலையிலிருந்து உட்கார்ந்து யோசித்தும் எனக்கு ஒன்றுக்கு மேல் வரவில்லை, மாப்பிள்ளை. ஆகவே உன் பட்டியலை உடனே அனுப்பு. வரிசையை மட்டும் நான் மாற்றிக்கொள்கிறேன். என் படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பல்லையும் எடுக்க வேண்டாம், பேருந்தில் அந்தப் பெண் இப்போது எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து யாராவது உன் வகுப்புக்கு வந்தால், நீ பேசுவதைக் கேட்காமல் உன் ப்ரொஜெக்டரைக் கழற்றிக்கொண்டிருப்பது யார் என்று பார்த்து, அந்த ஆளின் பெயரை எனக்கு அனுப்பு.